வலை போட்டுக் காட்டச் சொல்கிறவர்களுக்கு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். பாதியில் நிறுத்திவிட்டு ஒரு கைகூப்பைப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன வாரம் நம் குடும்பக் குழுவில் ஒரு வீடியோ சுற்றியது. உச்சி வெயில். குளத்தில் இழுவலை போட்டு ஓரத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருவர் மூன்று கிலோ இருக்கும் கட்லா ஒன்றைச் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மீனு நல்லா ஆரோக்கியமா இருக்கு பாருங்க" என்று சொல்கிறார். ஒன்றரை நிமிட வீடியோ. ஒன்றரை நிமிடமும் மீன் வெளியில்தான் தொங்குகிறது. பிறகு குளத்தில் வீசிவிடுகிறார்கள். "ஆரோக்கியம் பார்க்கிற விதம் இதுவல்ல" என்று ஒரே வரி எழுதினேன். அதற்கு எத்தனை சிரிப்புக் குறிகள்! "மீனுக்கெல்லாம் நலம் விசாரிக்கணுமா டீச்சர்?" என்றான் ஒருவன். "நாளைக்குக் கொழம்புல கொதிக்கப் போறதுதானே அத்தை" என்றான் என் தம்பி மகன். ஒரு வரியில் சொன்னது புரியவில்லை. அதனால் இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்று. நான் மீன் சாப்பிடுகிறவள். புரட்டாசி தவிர மற்ற மாதங்களில் எங்கள் வீட்டு மண்சட்டிக்கு ஓய்வில்லை. மீன் வளர்க்காதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. என் தம்பியே கொல்லையில் முக்கால் ஏக்கரில் குளம் வெட்டி ஆறு வருடமாக வளர்க்கிறான். ஓய்வுபெற்ற நாளிலிருந்து விடிகாலையில் அந்தக் கரையில்தான் என் நடை. கையில் ஒரு நோட்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நான் எதிர்ப்பது ஒரே ஒரு பழக்கத்தை. "வலை போட்டுக் காட்டு" என்கிற பழக்கத்தை. குளத்து மீன் நன்றாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் பிடித்து, தூக்கி, தடவி, போட்டோ எடுத்தாக வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கடன் கொடுக்கிறவர், விலை பேச வருகிறவர், பயிற்சி என்று பேருந்தில் வருகிறவர், ஊரிலிருந்து வந்த மச்சான், எல்லோரும்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருவன். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். சிங்கப்பூரில் எட்டு வருடம் உழைத்துவிட்டு வந்து, திருவாரூர் பக்கத்தில் ஒரு ஏக்கர் குளம் வெட்டினான். கட்லா, ரோகு, மிருகால் மூன்றும் கலந்து 3,000 குஞ்சு விட்டான். தீவனத்துக்கு மனைவியின் ஆறு பவுன் அடகுக் கடைக்குப் போனது. எட்டு மாதம் பிள்ளையைப் போலப் பார்த்தான். போன மே மாதம் முதலில் கடன் சம்பந்தமாக வந்தவர்கள், "மீன் இருக்கான்னு நாங்க பாக்கணும்ல" என்றார்கள். வலை இழுத்தான். நான்கு நாள் கழித்து ஒரு வியாபாரி, "சைஸ் பாக்காம எப்படி விலை சொல்றது?" என்றார். வலை இழுத்தான். அடுத்த வாரம் ஒரு கூட்டம் பார்வையிட வந்து, போட்டோ வேண்டும் என்றார்கள். மறுபடியும் இழுத்தான். 12 நாளில் மூன்று தடவை. மூன்றுமே 11 மணியிலிருந்து 2 மணிக்குள், ஏனென்றால் வருகிறவர்கள் அந்த நேரத்தில்தான் வருவார்கள்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு மீன் தீனி எடுப்பதை நிறுத்தியது. செதில் போன இடத்தில் சிவப்பாகப் புண். பத்து நாளில் 400 மீனுக்கு மேல் மிதந்தது. வந்து பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன ஒரே சொல் "நோய்". மருந்துக் கடையில் நாலாயிரத்துச் சொச்சம் கொடுத்து ஏதோ வாங்கி ஊற்றினான். "கடைசியா எத்தன தடவ வல இழுத்தே?" என்று ஒருவரும் அவனிடம் கேட்கவில்லை. நான்தான் கேட்டேன். விரல் விட்டு எண்ணிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் எதற்குத் தலை குனிய வேண்டும்? கேட்டவர்கள் அல்லவா குனிய வேண்டும்.

வலை இழுக்கும்போது குளத்துக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மீனின் உடம்பு வழவழ என்றிருக்கிறதே, அதுதான் அதன் முதல் கவசம். நுண்ணுயிரும் பூஞ்சையும் உள்ளே போகாமல் தடுப்பது அந்தக் கோழைப் படலம். வலை நூல் உரசினால் அது வழிந்துவிடும். காய்ந்த கையால் பிடித்தால் கையோடு வந்துவிடும். செதிலும் நாலைந்து போகும். புண்ணுக்கு வாசல் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது சேறு. வலையின் அடிக்கயிறு குளத்தின் அடியை உழுதுகொண்டு வருகிறது. எட்டு மாதக் கழிவும் மிஞ்சிய தவிடும் புண்ணாக்கும் அழுகிக் கிடக்கும் இடம் அது. அதில் அடைந்து கிடந்த அம்மோனியா கலங்கி மேலே வருகிறது. இங்கேதான் நடுப்பகலின் விபரீதம். பச்சைத் தண்ணீரில் பாசி நுண்ணுயிர்கள் வெயிலில் கரியமில வாயுவை உறிஞ்சிக்கொள்வதால் மதியத்துக்கு மேல் தண்ணீரின் கார அமிலத் தன்மை காரப் பக்கம் ஏறிவிடும். காரமும் சூடும் ஏற ஏற, அதே அளவு அம்மோனியாவில் விஷமான பங்கு கூடுகிறது. காலையில் கலங்கியிருந்தால் மீன் தாங்கியிருக்கக்கூடிய அம்மோனியா, ஒரு மணி வெயிலில் கலங்கினால் செவுளை எரிக்கும். ஆக, பார்வையாளர்களுக்கு வசதியான நேரம்தான் மீனுக்கு ஆகவே ஆகாத நேரம்.

மூன்றாவது, மீனின் உடம்புக்குள். துரத்தினால், நெருக்கினால், காற்றில் தூக்கினால் கார்டிசால் என்கிற ஹார்மோன் சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் ஏறத் தொடங்கும். நமக்குப் பயத்தில் சுரக்கிற அதே கார்டிசால்தான். அடிக்கடி ஏறினால் பசி குறையும், வளர்ச்சி குறையும், நோய் எதிர்ப்பு குறையும். 12 நாளில் மூன்று தடவை ஏற்றிவிட்டு, பிறகு நோய் வந்துவிட்டது என்று அதிசயப்பட்டால் எப்படி?

இந்தக் கார்டிசாலில்தான் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இருக்கிறது. மீன் அழுத்தத்தில் இருக்கிறதா என்று அறிய ரத்தம் எடுக்கலாம். ஆனால் ரத்தம் எடுக்கப் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் கார்டிசால் ஏறிவிடும். அப்புறம் ஊசியில் வருவது, முன்பே இருந்த அழுத்தமா, நீ பிடித்ததால் வந்த அழுத்தமா? ஆராய்ச்சியாளர்களுக்கே இது பெரிய தலைவலி. அதனால்தான் பிடித்த ஓரிரு நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்கப் பரபரக்கிறார்கள். மீனைத் தொடாமல், அது வாழும் தண்ணீரில் கலந்து வரும் ஹார்மோனை அளக்கும் முறையையும் அதனால்தான் உருவாக்கினார்கள். நாள்பட்ட அழுத்தத்தை அறியச் செதிலில் சேர்ந்திருக்கும் கார்டிசாலைப் பார்க்கும் முறையும் உண்டு. ஆய்வுக்கூடம் வைத்திருப்பவர்களே இவ்வளவு பயப்படும்போது, நம்மவர் செவுளுக்குள் விரலை விட்டுத் தூக்கிக்கொண்டு "ஆரோக்கியம்" என்று சான்றிதழ் கொடுக்கிறார். அந்த மீன் துள்ளுவதைப் பார்த்து "என்ன துடிப்பு பாருங்க" என்று பாராட்டு வேறு. மூச்சு முட்டுகிறவன் கையைக் காலை உதறினால் அது துடிப்பா?

பள்ளி ஆய்வு நாள் ஞாபகம் இருக்கிறதா உங்களுக்கு? 34 வருடம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறேன். எத்தனை ஆய்வு பார்த்திருப்பேன்! அதிகாரி உள்ளே நுழைந்ததும் வகுப்பே மரமாகிவிடும். தினமும் ஏழாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளை, ஏழேழு நாற்பத்திரண்டு என்று சொல்லும். வாயாடி ஊமையாகிவிடுவான். அதிகாரி எழுதிக்கொண்டு போவது என் வகுப்பைப் பற்றி அல்ல, தன்னைப் பார்த்துப் பயந்த வகுப்பைப் பற்றி. நல்ல அதிகாரிகளும் இருந்தார்கள். ஒருவர் காலை வழிபாட்டுக்கு முன்பே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, பிள்ளைகள் வருவதையும் விளையாடுவதையும் சாப்பாட்டு மணிக்கு ஓடுவதையும் பார்ப்பார். எந்தப் பிள்ளை பசியோடு வந்திருக்கிறது, எது தனியாக நிற்கிறது என்று யாரையும் கேட்காமலே சொல்லிவிடுவார். குளத்துக்கு நான் கேட்பது அந்த மாதிரிப் பார்வையை.

"மீனுக்கு வலியே தெரியாது டீச்சர், அதுக்கு மூளை கடுகளவுதான்" என்று எழுதிய தம்பிக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். 2003இல் பிரிட்டனில் லின் ஸ்னெட்டனும் அவரோடு இருந்தவர்களும் வானவில் டிரவுட் மீனில் ஒரு சோதனை செய்தார்கள். உதட்டில் சில மீன்களுக்கு அசிட்டிக் அமிலம், சிலவற்றுக்குத் தேனீ விஷம், சிலவற்றுக்கு வெறும் உப்புநீர். அமிலமும் விஷமும் பட்ட மீன்களுக்கு மூச்சு வேகம் எகிறியது. மறுபடி தீனிக்கு வர உப்புநீர் பட்டவற்றைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு நேரம் ஆனது. சில மீன்கள் உதட்டைத் தரையில் கிடந்த கல்லில் தேய்த்தன. முகத்தில் தீங்கை உணரும் நரம்பு முனைகள் இருப்பதையும் அவர்கள் கண்டார்கள். நமக்கு இருப்பது போன்ற மூளைப் புறணி மீனுக்கு இல்லை, ஆகவே நாம் உணருகிற வலியை அது உணராது என்று வாதிடுகிற விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். வாதிடட்டும். கல்லில் உதட்டைத் தேய்க்கிற மீனைப் பார்த்துவிட்டு, அதற்கு ஒன்றுமே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், சட்டம் படித்த மாணவர்கள் நாலு பேர் இருக்கிறீர்கள். நம் நாட்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் வருடத்தது. அதில் 'விலங்கு' என்பதற்கு விளக்கம், மனிதரைத் தவிர்த்த எந்த உயிரும் என்பது. மாடு மட்டும், நாய் மட்டும் என்று இல்லை. உணவுக்காகக் கொல்வதை அந்தச் சட்டம் அனுமதிக்கிறது, ஆனால் அதிலும் தேவையில்லாத வேதனை கூடாது என்கிறது. குழம்புக்குப் போகிற மீன்தானே என்ற என் மருமகனுக்கு 60 வருடத்துக்கு முன்பே பதில் எழுதி வைத்துவிட்டார்கள்.

வெளிநாட்டில் எப்படி என்று கேட்பீர்கள். சால்மன் வளர்ப்பில் நார்வே முதல் நாடு. அவர்களுடைய விலங்கு நலச் சட்டத்தில் மீனும் வெளிப்படையாக உண்டு. 2018இல் சால்மன் நலத்தை எப்படிப் பார்ப்பது என்று பெரிய கையேடே போட்டார்கள். தண்ணீரைப் பார்ப்பது, கூட்டத்தைப் பார்ப்பது, தனி மீனைப் பார்ப்பது என்று அறிகுறிகளைப் பிரித்து, பண்ணையிலேயே பார்க்கக்கூடியது எது, ஆய்வுக்கூடம் தேவைப்படுவது எது என்று வகுத்திருக்கிறார்கள். அதற்காக அங்கே எல்லாம் சொர்க்கம் என்று நினைக்காதீர்கள். 2023இல் மட்டும் கடல் கூண்டுகளில் 6 கோடிக்கும் மேல் சால்மன் செத்தது. நூற்றுக்கு ஏறத்தாழ 17. கடல் பேன் என்று ஒரு ஒட்டுண்ணி. மீனுக்குச் சராசரியாக அரைப் பெண் பேனுக்கு மேல் போகக் கூடாது என்று விதி. அதற்காகக் குளிர் அதிகம் இல்லாத காலத்தில் வாரா வாரம் எண்ணியாக வேண்டும். எண்ணுவதற்கு மீனைப் பிடித்து, மயக்க மருந்துத் தண்ணீரில் போட்டு, கையில் எடுத்துப் பார்த்துத் திரும்ப விடுவார்கள். பேனை எடுக்கச் செய்கிற வெந்நீர்க் குளியலும் தூரிகைத் தேய்ப்பும் மீனை இன்னும் வாட்டுகின்றன. மீனைக் காப்பாற்றப் போட்ட விதியே மீனைக் கையாளுவதைக் கூட்டிவிட்டது. இது புரிந்துதான் இப்போது கூண்டுக்குள் கேமராவை இறக்கி, நீந்திப் போகிற மீனின் மேலேயே பேனையும் காயத்தையும் எண்ணக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள்.

அந்தக் கேமராவை நம்மூர்க் குளத்தில் விற்க யாராவது வந்தால் வாங்கிவிடாதீர்கள். தெளிந்த கடலில் அது பார்க்கும். நம் பச்சைத் தண்ணீரில் முக்கால் முழத்துக்கு அப்பால் அது குருடு. நமக்கு வேண்டியது கேமரா இல்லை. விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கும் கண்.

இப்போது நோட்டு. தம்பி குளத்தில் நான் என்ன பார்க்கிறேன், எதை எழுதுகிறேன் என்று சொல்கிறேன்.

ஐந்து மணிக்குக் கரைக்குப் போவேன். இரவெல்லாம் பாசியும் மீனும் சேறும் ஆக்ஸிஜனைத் தின்றிருக்கும். வெயில் வரும்வரை புதிதாக ஊறாது. ஆகவே குளத்துக்கு மிக ஏழ்மையான நேரம் விடிகாலை. மீன் மேலே வந்து வாயைப் பிளக்கிறதா என்று பார்ப்பேன். கட்லா எப்போதுமே மேல்மட்டத்து மீன். அது தலைகாட்டுவதாலேயே பயப்பட வேண்டியதில்லை. ரோகு நடுமட்டம். மிருகால் அடிமட்டம். மிருகாலே மேலே வந்து வாய் பிளந்தால் நிலைமை மோசம். அப்புறம் ஒரு சின்னச் சோதனை: கரையில் பலமாகக் கால் வைத்தோ கையைத் தட்டியோ பார்ப்பேன். சரேலென்று உள்ளே போய்விட்டால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. சத்தம் கேட்டும் நகராமல் வாய் பிளந்துகொண்டே இருந்தால் அவகாசமே இல்லை, உடனே மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலிருந்து கொட்ட வேண்டும். மூடாக்கு நாளுக்கு மறுநாள் விடியலில் இதை இரட்டைக் கவனமாகப் பார்ப்பேன். முந்தின நாள் வெயில் இல்லாததால் பாசி போதுமான ஆக்ஸிஜனைச் செய்திருக்காது.

நத்தையைப் பார்ப்பேன். கட்டியிருக்கும் மூங்கிலில் நத்தை தண்ணீரை விட்டு மேலே ஏறியிருந்தாலும், சிறு இறால்கள் ஓரத்தில் வந்து ஒட்டிக் கிடந்தாலும் கீழே மூச்சு முட்டுகிறது. கொக்கும் நீர்க்காகமும் திடீரென்று கூட்டம் கூடினால், சுணங்கிய மீன் மேலே மிதக்கிறது என்று அவற்றுக்கு நம்மைவிட முன்னால் தெரிந்திருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு பைசா செலவில்லை.

தீனி. தம்பி தவிட்டையும் கடலைப் புண்ணாக்கையும் ஓட்டை போட்ட பைகளில் கட்டி மூங்கிலில் தொங்கவிடுகிறான். மீன் வந்து இடித்து இடித்துத் தின்னும். எத்தனை மணிக்குக் கட்டியது, எத்தனை மணிக்குப் பை காலி, எவ்வளவு மிஞ்சியது என்று தினமும் எழுதுவேன். நேற்று மூன்று மணி நேரத்தில் காலியான பை இன்று மாலைவரை பாதி நிற்கிறது என்றால், எந்த ரத்தப் பரிசோதனையும் இவ்வளவு சீக்கிரம் சொல்லாது. மீனுக்கு ஏதோ ஆகிவிட்டது. பிள்ளை சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தால் அம்மாவுக்குத் தெர்மாமீட்டர் வேண்டுமா?

மீன் காரணமில்லாமல் துள்ளுகிறதா, மூங்கிலில் உடம்பைத் தேய்க்கிறதா என்று பார்ப்பேன். அது பெரும்பாலும் மீன் பேனின் வேலை, ஆர்குலஸ் என்பார்கள். இதற்காக மீனைப் பிடித்துப் புரட்ட வேண்டாம். அந்தப் பேன் தன் முட்டையை மீனின் மேல் இடுவதில்லை, தண்ணீருக்குள் இருக்கும் கட்டையிலும் கல்லிலும் வரிசை வரிசையாக ஒட்டிவைக்கும். ஆகவே நாலு பழைய பலகையைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் விட்டு, வாரம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். முட்டை இருந்தால் பேன் இருக்கிறது. அதே பலகையை வெயிலில் நன்றாகக் காயவைத்தால் முட்டையும் போயிற்று. நோயைக் கண்டுபிடித்ததும் குறைத்ததும் ஒரே வேலையில் முடிந்தது, மீனை ஒரு விரல்கூடத் தொடவில்லை. கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

தண்ணீர். கையை முழங்கைவரை விட்டு உள்ளங்கை தெரிகிறதா என்று பார்ப்பது பழைய வழி. தெரியவே இல்லையென்றால் பச்சை மிஞ்சிவிட்டது, விடிகாலையில் ஆபத்து. 20 செ.மீ. விட்டத்தில் கறுப்பும் வெள்ளையும் அடித்த தட்டு ஒன்றைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பது கொஞ்சம் துல்லியம். செக்கி தட்டு என்று பெயர். 1865இல் இத்தாலியில் பாதிரியாராகவும் வானியலாளராகவும் இருந்த ஆஞ்சலோ செக்கி கடலில் செய்து பார்த்தது. தம்பி வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டுக்குப் பெயிண்ட் அடித்து நானே செய்தேன். ஆக்ஸிஜனையும் அம்மோனியாவையும் பார்க்கச் சொட்டு மருந்துப் பெட்டி கிடைக்கிறது. ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மி.கி.க்கு மேல் இருந்தால் நிம்மதி. 3க்குக் கீழே போனால் மீன் தவிக்கிறது. கோடையில் தண்ணீர் சூடாக ஆக, ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும் திறனே குறைந்துவிடும். மே மாதக் குளம் ஏற்கெனவே பாதிக் கடனில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கரையோரம் அமைதியாக நிற்கும் மீன் கண்ணில் பட்டால், செவுள் மூடி நிமிடத்துக்கு எத்தனை தரம் திறக்கிறது என்று கைக்கடிகாரத்தை வைத்து எண்ணுவேன். அந்த எண்ணுக்குப் பொதுவான கணக்கு கிடையாது. மீனுக்கு மீன், சூட்டுக்குச் சூடு மாறும். நம் குளத்தில் சாதாரண நாளில் எவ்வளவு என்று நமக்குத் தெரிந்திருந்தால்தான், கூடின நாளில் கூடியது என்று தெரியும். நோட்டு எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் காரணம்.

செத்த மீனையும் விடாதீர்கள். எத்தனை, எந்த வகை, எந்த ஓரம் என்று எழுதுங்கள். அப்போதுதான் செத்த ஒன்றை ஐஸில் வைத்து நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கோ பக்கத்து வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். புரட்டிப் பார்க்க, செவுளைப் பிரித்துப் பார்க்க, அறுத்துப் பார்க்க அதுதான் சரியான மீன். அதற்கு இனி வலிக்காது.

"அப்போ எடை எப்படிப் பாக்கறது டீச்சர்? எடை தெரியாம தீவனம் எப்படிக் கணக்குப் போடறது?" நியாயமான கேள்வி. அடியில் இருக்கும் மிருகாலைக் கரையிலிருந்து பார்க்க முடியாது என்பதும் நியாயம். வலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை, வளர்க்கிறவனின் தேவைக்கு, மீனுக்கு ஒத்துவரும் நேரத்தில். விடிகாலை வேண்டாம், ஆக்ஸிஜன் இல்லை. மதியம் வேண்டவே வேண்டாம். வெயில் வந்து ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, எட்டு மணி வாக்கில். மூடாக்கு நாளிலும் தீனி எடுக்காத நாளிலும் கூடாது. குளம் முழுக்க உழ வேண்டாம். தீனிப் பை இருக்கும் மூலையில் மட்டும் பிடித்தால் போதும். கையை நனைத்துக்கொள்ளுங்கள். மீனைத் தராசுக் கொக்கியில் மாட்டாதீர்கள். வாளியில் தண்ணீரை வைத்து எடை போட்டு, பத்து மீனை அதே தண்ணீரில் விட்டு மறுபடி எடை போட்டுக் கழித்து, பத்தால் வகுங்கள். நான்காம் வகுப்புக் கணக்கு. உங்கள் எல்லோருக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

1957இல் ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரியும் அலிக்குன்ஹியும் கெண்டை மீன்களை ஊசி மூலம் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். அந்த ஜூலை 10தான் இன்றும் தேசிய மீன் வளர்ப்போர் தினம். அதற்கு முன் குஞ்சுக்கு ஆற்று வெள்ளத்தை நம்பி இருந்தோம். இன்று உலகில் மீன் வளர்ப்பில் நாம் சீனாவுக்கு அடுத்த இடம். உற்பத்தி இவ்வளவு, ஏற்றுமதி இவ்வளவு, மானியம் இவ்வளவு என்று ஒவ்வொரு ஜூலையிலும் மேடையில் பேசுகிறார்கள். அந்தக் குளத்து மீன் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் வேலைக்கு மட்டும் இன்னும் செவுளில் விரலை விட்டுத் தூக்குவதைத் தவிர வேறு வழி தெரியாது என்கிறோம்.

என் மாணவர்களில் வங்கியில் மேலாளராக இருப்பவர் இரண்டு பேர். மீன்வளத் துறையில் ஒருவர். தஞ்சாவூர் மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் செய்கிறவர் ஒருவர். இது உங்களுக்குத்தான். நீங்கள் குளத்துக்குப் போனால், வலை போடு என்று சொல்லாதீர்கள். நோட்டைக் கேளுங்கள். தீனிப் பை எத்தனை மணிக்குக் காலியாகிறது என்று கேளுங்கள். மூன்று மாதத் தீனிக் கணக்கே குளத்தில் எவ்வளவு மீன் இருக்கிறது என்று சொல்லிவிடும். இல்லாத மீன் தவிடு தின்னாது. கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஐந்து மணிக்கு வாருங்கள், இல்லையென்றால் தீனி கட்டும் நேரத்துக்கு வாருங்கள், மேலே வருவதைப் பார்க்கலாம். விலை பேச எடை தேவை என்றால், வளர்க்கிறவன் மாதம் ஒருமுறை எடுக்கும் எட்டு மணி எடைக்கு வந்து பக்கத்தில் நில்லுங்கள். ஐந்து மணிக்கும் முடியாது, எட்டு மணிக்கும் முடியாது, எனக்கு ஏசி கார் வசதிப்படும் 12 மணிக்குத்தான் மீன் கரைக்கு வந்து வணக்கம் சொல்ல வேண்டும் என்றால், சாகிற மீனுக்கு யார் பணம் கொடுப்பது என்று முதலில் பேசி எழுதிவிட்டு வாருங்கள்.

வளர்க்கிற பிள்ளைகளுக்கு: "சார் கேக்கறாரு, எப்படி மாட்டேன்னு சொல்றது" என்று தயங்காதீர்கள். "டீச்சர் வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்று என் மேல் பழியைப் போடுங்கள். என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

தம்பி குளத்து நோட்டின் கடைசி இரண்டு மாதப் பக்கங்களைப் படம் எடுத்துக் கீழே கமெண்டில் போட்டிருக்கிறேன். கட்டம் எப்படிப் போட்டிருக்கிறேன் என்று பார்த்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பேன் முட்டைப் பலகையின் படம் நாளைக்குப் போடுகிறேன், இன்று ஃபோனில் சார்ஜ் இல்லை.